விரலால் அழுத்திப் பார்த்துச் செருப்பு வாங்குகிறோம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும் செருப்பு வாங்க வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். செருப்பைக் கையில் எடுத்து, உள்ளங்கால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். விரல் உள்ளே இறங்கினால் முகத்தில் திருப்தி. "நல்லா மெத்துன்னு இருக்கு" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு விலையைக் கேட்பார்கள். காலில் மாட்டிக் கடைக்குள் ஒரு சுற்று நடந்து பார்ப்பவர்கள் குறைவு. செருப்பை வளைத்து, திருகிப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு.

கையால் அழுத்தும்போது தெரிவது அந்த நுரை எவ்வளவு மென்மை என்பது மட்டும். அறுபது, எழுபது கிலோ எடை அதன்மேல் ஏறி, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடி நடக்கும்போது பாதம் எங்கே சாய்கிறது, குதிகால் எங்கே வழுக்குகிறது, விரல்கள் எதைப் பற்றிக்கொள்கின்றன என்பதெல்லாம் விரலுக்குத் தெரியாது. பாதத்துக்குச் செருப்பு தரவேண்டிய தாங்கல் பெரும்பாலும் பிடிமானத்தில்தான் இருக்கிறது. குதிகாலைச் செருப்பு பிடித்துக்கொள்கிறதா, அடிப்பாகம் வளையக்கூடாத இடத்தில் வளையாமல் நிற்கிறதா, வார் நம் பாதத்தின் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். மென்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பிறகு பார்க்கவேண்டிய விஷயம்.

கோடைக்காலச் செருப்பு பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகள் ஆண்டுக்கு மூன்று மாதம் வெயில் காயும் ஊர்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே செருப்பு விடுமுறைக்குப் போடும் பொருள். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரி. காலையில் பாசாருக்கு (சந்தைக்கு), பிள்ளைகளைப் பள்ளியில் விட, மதியம் சாப்பாட்டுக்கு, மாலையில் கோயிலுக்கு, இரவில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி சிலிப்பர். உணவுக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிறவரின் காலிலும் அதே சிலிப்பர்தான். எப்போதாவது போடுவதற்கு எப்படி இருந்தாலும் பாதகமில்லை. நாள் முழுக்க, ஆண்டு முழுக்கப் போடுவதற்குக் கணக்கு வேறு.

பின்வார் ஏன் நமக்கு ஆகாது

மருத்துவர்கள் முதலில் சொல்வது, குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள செருப்பாக வாங்குங்கள் என்று. நம் ஊரில் இந்த ஆலோசனை எடுபடாததற்கு அறியாமை காரணமில்லை. ஒரு நாளில் எத்தனை முறை செருப்பைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சொந்த வீட்டு வாசல், அடுத்த வீட்டு வாசல், கோயில், டியூஷன் நடக்கும் வீடு, சில கிளினிக்குகள்கூட. மலாய்க்கார நண்பர் வீடு, சீனர் வீடு எங்கே போனாலும் வாசலில்தான் செருப்பு. இந்த நாட்டில் மூன்று இனமும் பேச்சே இல்லாமல் ஒத்துப்போகும் பழக்கம் இது. ஒவ்வொரு முறையும் குனிந்து பக்கிள் மாட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? முட்டி வலியுள்ள அம்மாவுக்குக் குனியவே முடியாது.

அதனால்தான் கால் நுழைத்ததும் கிளம்பக்கூடிய செருப்பையே தேடுகிறோம். பின்வார் இருந்தாலும் அதை மடித்து மிதித்துக்கொண்டு நடக்கிறோம். மடித்து மிதித்த வார் குதிகாலுக்கு அடியில் ஒரு மேடாகி, வார் இல்லாத செருப்பைவிட மோசமான வேலையைச் செய்கிறது.

கோயில் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனால் திரும்பி வரும்போது அது இருக்குமா என்ற பயம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வீட்டிலேயே மோசமான ஜோடியைத் தேடி எடுத்துப் போடும் குடும்பங்கள் எத்தனை! தொலைந்தால் போகட்டும் என்று ஐந்து, பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிய ஜப்பான் சிலிப்பர் என்னும் விரலிடுக்கு ரப்பர் செருப்பு, கோயிலுக்கு என்று ஆரம்பித்து மெல்ல எல்லா இடத்துக்கும் ஆகிவிடுகிறது.

இதற்கு நடுவழி உண்டு. பின்வாரை வெல்க்ரோவால் ஒட்டும் சாண்டல்கள் வருகின்றன. ஒருமுறை நம் அளவுக்கு ஒட்டி வைத்துவிட்டால், பிறகு கொஞ்சம் இழுத்தாலே குதிகால் உள்ளே போய்விடும். நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டலாம். பின்வார் அறவே முடியாது என்பவர்கள், குதிகால் உட்காரும் இடம் நன்றாகக் குழிந்து, ஓரங்கள் உயர்ந்து, பாதத்தின் மேல்பக்கத்தை அகலமான வார் இரண்டு இடத்தில் பிடிக்கும் செருப்பாகப் பார்க்கலாம். பின்வார் அளவுக்கு ஆகாது. ஆனாலும் விரலிடுக்கில் ஒரே ஒரு ரப்பர் தண்டு மட்டும் பிடிக்கும் சிலிப்பரைவிட எவ்வளவோ மேல்.

விரல்கள் செய்யும் கூடுதல் வேலை

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரைக்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. நடக்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும், விரல்கள் மேல்நோக்கி மடங்கும். அப்போது இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, குதிகாலையும் முன்பாதத்தையும் நெருங்கச் செய்து, பாத வளைவை உயர்த்துகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றி இறுகுவது போன்ற இந்த வேலையை 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கி எழுதினார். பாதம் தரையில் படும்போது தளர்ந்து, தரையைத் தள்ளும்போது இறுகும் தன்மை அப்படித்தான் கிடைக்கிறது. பாத வளைவு கல்லால் கட்டிய வளைவாக அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வோர் அடியிலும் இறங்கி ஏறுகிறது.

இப்போது விரலிடுக்குச் சிலிப்பரைப் போடுங்கள். கால் முன்னே வீசும்போது சிலிப்பர் நழுவப் பார்க்கும். அதைப் பிடித்துவைக்க விரல்கள் கீழே மடங்கிக் கவ்வும். மேல்நோக்கி மடங்கவேண்டிய விரல்கள் ஒவ்வோர் அடியிலும் எதிர்த்திசையில் உழைக்கின்றன. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 39 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. ஓட்டச் சப்பாத்தோடு (ஷூவோடு) நடந்ததைவிட, சிலிப்பரோடு நடக்கும்போது அடிகள் குறுகின, குதிகால் தரையில் ஊன்றும் விசையும் குறைந்தது. விசை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அது இயல்பாக ஊன்றாமல் பதுங்கி வைக்கும் நடையின் அடையாளம். நாள் கணக்கில் அப்படி நடந்தால் பின்னங்கால் (கெண்டைக்கால்), பாதம் இரண்டும் அலுத்துப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், இதே கவ்வலைத்தான் ஒரு காலத்தில் உடற்பயிற்சி என்று விற்றார்கள். ஜெர்மனியின் பிர்க்கென்ஸ்டாக் 1963-இல் கொண்டுவந்த முதல் சாண்டலில் ஒரே ஒரு வார்தான். நழுவாமல் இருக்க விரல்களால் பற்றவேண்டும், அதனால் பாதத் தசை வலுப்படும் என்பது அதன் யோசனை. சிறிது நேரத்துக்குச் செய்தால் அதில் தவறே இல்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு அந்தப் பயிற்சி கொஞ்சம் அதிகம்.

அப்படியானால் வெறுங்காலே நல்லது என்று வாதிடுவார்கள். அதற்கும் ஆதாரம் உண்டு, அதுவும் தமிழ்நாட்டுக்குப் பக்கத்து மாநிலத்திலிருந்து. கர்நாடகத்தின் மணிப்பாலிலிருந்து வந்து 1992-இல் வெளியான ஆய்வு 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்தது. காலணி போடும் பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடு. முழுக்க மூடிய சப்பாத்து போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. ஆகவே ஓடி விளையாடும் பிள்ளைக்குப் பாத வளைவுக்கென்று விலை உயர்ந்த செருப்பைத் தேடி அலையவேண்டாம். சிறு பிள்ளைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது சகஜம், பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். வலியில்லாத தட்டைப்பாதத்துக்குப் பெரியவர்களுக்கும் வைத்தியம் தேவைப்படுவதில்லை.

ஆனால் மண்தரையில் வெறுங்காலோடு வளர்வது வேறு, நாற்பத்தைந்து வயதில் அடுக்குமாடி வீட்டின் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நாளெல்லாம் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடப்பது வேறு. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுருக்கென்று குத்துகிறதா? கொஞ்சம் நடந்ததும் குறைகிறதா? அந்த நார்ப்பட்டை குதிகாலில் ஒட்டும் இடத்தில் வரும் கோளாறு அது. மருத்துவர்கள் பிளாண்டர் ஃபாசியைடிஸ் என்பார்கள். வாழ்நாளில் பத்தில் ஒருவருக்கு வருகிறது. நெடுநேரம் நிற்கும் வேலை, கூடுதல் உடல் எடை, இறுகிய பின்னங்கால் தசை, நாற்பது அறுபது வயதுக்கு இடைப்பட்ட காலம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் எளிதாக வரும்.

இப்படி வலிப்பவர்கள் வெளியே போடும் செருப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குள் கடினத் தரையில் கழியும் மணிநேரங்களைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி முகம் சுளிக்கலாம். வெளியே போகாத, சுத்தமான ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்து, சாமி அறை வாசலில் கழற்றினால் சண்டை வராது. குதிகால் வலிக்காரருக்கு அந்த ஒரு ஜோடி பெரிய நிம்மதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேரங்காடிகளில் பாதத்தைக் கண்ணாடித் தட்டின்மேல் வைக்கச் சொல்லி, திரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் காட்டி, உங்கள் காலுக்கென்றே செய்து தருகிறோம் என்று பல நூறு வெள்ளிக்குச் செருப்புக்குள் வைக்கும் உள்வைப்பு அட்டை விற்பார்கள். 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் குதிகால் வலியுள்ள 135 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மெல்லிய போலி அட்டை, இன்னொன்றுக்குக் கடையில் கிடைக்கும் ஆயத்த அட்டை, மூன்றாவதற்கு அளவெடுத்துச் செய்த அட்டை. மூன்று மாதத்தில் ஆயத்த அட்டையும் அளவெடுத்த அட்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் கொஞ்சம் உதவின. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும். பின்னங்காலையும் பாதத்தையும் தினமும் நீட்டிப் பழகுவதும், நல்ல செருப்பும், பொறுமையும்தான் அதற்குத் தேவை. படம் காட்டும் தட்டு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இனிப்பு நீர் உள்ளவருக்குக் கேள்வியே வேறு

நம் சமூகத்தில் செருப்பைப் பற்றிப் பேசிவிட்டு இனிப்பு நீரை (நீரிழிவை)ப் பேசாமல் போக முடியாது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர். உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பாருங்கள், அதில் ஒரு ஜோடியாவது இனிப்பு நீர்க்காரருடையதாக இருக்கும்.

பல ஆண்டுகள் சர்க்கரை ஏறி இறங்கினால் கால் நரம்புகள் கெட்டு உணர்வு மங்கும். முள் குத்தினால் தெரியாது. செருப்பு உரசிக் கொப்புளம் கண்டால் தெரியாது. சிலிப்பர் காலைவிட்டு நழுவியதே தெரியாமல் நாலடி நடப்பவர்கள் உண்டு. இன்னொரு விசித்திரமும் நடக்கும். உணர்வு மங்கியவர்கள், காலில் ஏதோ பிடிப்பது தெரிந்தால்தான் சரியாக இருப்பதாக நினைத்து, தேவைக்குச் சிறிய அளவையே வாங்குவார்கள். கடைக்காரர் "சரியா இருக்கா அங்கிள்?" என்று கேட்டால் "கச்சிதமா இருக்கு" என்பார்கள். அதனால் உணர்வு குறைந்தவர்களின் செருப்பைக் காலின் சொல்லை நம்பி வாங்கக்கூடாது. ஒரு வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துப் போய்ச் செருப்பின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். கோடு எங்கேயாவது வெளியே வந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

உணர்வற்ற பாதத்துக்கு ஏற்ற செருப்பைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் ஒரு பெரிய பங்கு தமிழ்நாட்டு மண்ணிலிருந்து வந்தது. பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனரிகள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். தொழுநோயில் விரல்களும் பாதமும் தானாக அழுகி விழுகின்றன என்று அன்று நம்பினார்கள். உணர்வு போன இடத்தில் தெரியாமல் படும் காயமும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும்தான் பாதத்தைக் கெடுக்கின்றன என்று அவரும் உடன் இருந்தவர்களும் கண்டார்கள். அந்த அறிவிலிருந்து வந்தவை நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் செருப்புகள். உள்ளங்கால் படும் மேல்பகுதியில் அந்த மென்மையான ரப்பர், அதன் அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான அடித்தட்டு, பின்வார், தளர்த்தி இறுக்கக்கூடிய முன்வார்கள். எங்கேயும் ஆணி அடிப்பதில்லை, தேய்ந்தால் காலில் ஏறிவிடும் என்பதால். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே இதே பாடங்களை இனிப்பு நீர்க்காரர்களின் பாதங்களுக்கும் கொண்டுபோனார்.

அந்தச் செருப்பின் அமைப்பைக் கவனித்தால் இன்றைக்கும் வாங்கும்போது பார்க்கவேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் மென்மையும் உண்டு, ஆனால் அந்த மென்மைக்கு அடியில் உறுதியான தளம் உண்டு, பாதத்தை நழுவவிடாத வார்கள் உண்டு. நம் பாட்டன் பாட்டிகள் இந்த நாட்டுத் தோட்டங்களில் பால் வெட்டிய ரப்பரும் இப்படி யார் யார் காலுக்கோ அடியில் போயிருக்கும்.

இனிப்பு நீர்ப் பாதம் பற்றிய சர்வதேச வழிகாட்டல், ஆபத்து உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, அடிப்பகுதி மெல்லிய சிலிப்பரும் போடக்கூடாது என்கிறது. ஜப்பான் சிலிப்பர் அங்கேயே அடிபட்டுப் போகிறது. விரலிடுக்கில் தண்டு வரும் எந்தச் செருப்பும் அவர்களுக்கு வேண்டாம், அந்த இடத்துத் தோல் உரசிப் பிளக்கும். முன்விரல்களையும் மூடிய காலணியே நல்லது என்பது மருத்துவர்களின் விருப்பம். இந்த வெயிலில் அப்பா அதைப் போடமாட்டார் என்றால், அலமாரியில் தூங்கும் நல்ல சப்பாத்தைவிடத் தினமும் காலில் இருக்கும் நல்ல சாண்டல் மேல் என்பது என் கருத்து. ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களும், பாத உருவம் மாறியவர்களும் மட்டும் கடையில் தேடாமல் மருத்துவர் சொல்லும் காலணியைத்தான் போடவேண்டும். உணர்வு எவ்வளவு இருக்கிறது என்று அரசாங்கக் கிளினிக்கில் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

இரவுச் சந்தைகளில் விற்கும் முள்முள்ளான அக்குப்பிரஷர் சிலிப்பர் ஒரு தனி ஆபத்து. சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உணர்வு மங்கிய காலுக்கு வாங்கிக்கொண்டு போகும் மாமாக்களைத் தடுக்கவேண்டும். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப அழுத்தம் என்று வேலூரில் எதைத் தவிர்த்தார்களோ, அதையே காசு கொடுத்து வாங்குகிறோம். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதைக்கும் இதே கதைதான்.

தைப்பூசம் வந்தால் இந்தப் பேச்சு இன்னும் சிக்கலாகும். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் வழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பின்னால் போகிறவர்களில் பலர் வெறுங்கால். அங்கே போனபின் 272 படிகள். நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நல்ல உணர்வுள்ள கால் துள்ளி ஓரம் போய்விடும். உணர்வு போன கால் அப்படியே நடக்கும், கொப்புளம் வீட்டுக்கு வந்துதான் தெரியும். வேண்டுதலைப் பற்றித் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. ஆனால் கால் மரத்துப்போன அம்மாவை மகனோ மகளோ அந்திக்குப் பிறகோ விடியலுக்கு முன்போ அழைத்துப் போகலாம். கோயில் வாசல் வரைக்கும் செருப்போடு வந்து அங்கே கழற்றலாம். திரும்பியதும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கலாம். முருகன் கோபிக்கப் போவதில்லை.

கடைக்குள் நுழைந்தபின்

மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்ற பாதம் மாலையில் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் ராத்திரி வரைக்கும் உறுத்தாது. இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய பாதத்துக்கு வாங்கவேண்டும். எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 8 இன்னொன்றின் 7.

செருப்பின் முன்முனையையும் பின்முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் சரி. நட்டநடுவில் மடிந்தால் பாதத்தின் நடுப்பகுதிக்கு எந்தத் தாங்கலும் கிடைக்காது. அப்புறம் இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகுங்கள். கொஞ்சம் திருகலாம், முழுக்கத் திருகிப் போனால் வைத்துவிடுங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

காலில் மாட்டியதும் விரல்களுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கவேண்டும். குதிகால் பின்விளிம்புக்கு வெளியே தொங்கக்கூடாது. செருப்பிலுள்ள உள்ளங்கால் மேடு உங்கள் பாதத்தின் வளைவுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். பாத வளைவுத் தாங்கல் என்று எழுதி விற்கும் பல செருப்புகளில் அந்த மேடு வேறு யாருடைய வளைவுக்கோ இருக்கும். முன்னே தள்ளியோ பின்னே தள்ளியோ குத்தினால், பழகப் பழகச் சரியாகும் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பவேண்டாம். குதிகால் பகுதி முன்பகுதியைவிட ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் பின்னங்கால் இறுக்கம் உள்ளவர்களுக்குச் சுகமாக இருக்கும்.

அடுத்தது தரை. கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் பளபளப்பான டைல்ஸ், எல்ஆர்டி ரயில் நிலையத்தின் படிகள், மாலை நான்கு மணி மழை, லோங்காங் (சாக்கடை) மூடியின் இரும்புக் கம்பிகள் எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊர். முழுக்க நுரையால் ஆன இலேசான செருப்பு ஈர டைல்ஸில் வழுக்கும், அடியில் ரப்பர் ஒட்டிய செருப்பு நன்றாகப் பிடிக்கும். வெள்ளத்தில் நடக்கிறவர்களுக்குச் செருப்பு அவ்வளவாக உதவாது. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் காலின் சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும், பூட்ஸ்தான் சரி. மின்படியில் மென்மையான ரப்பர் செருப்பு போட்ட பிள்ளையை ஓரத்தில் நிற்கவிடாதீர்கள், இடுக்கு இழுத்துக்கொள்ளும்.

விலை உயர்ந்தால் பாதத்துக்கு நல்லது என்று சொல்ல முடியாது. நானூறு வெள்ளிக்கு மேல் போகும் கார்க் அடிப்பாகச் சாண்டல் நன்றாகத்தான் இருக்கும், மழையில் ஊறி வெயிலில் காய்ந்து சில மாதங்களில் விரிசல் விடும்வரை. நம் மழைக்கு, வார் மூன்று இடத்தில் ஒட்டும், அடியில் ரப்பர் உள்ள, நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் நடைச் சாண்டலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். தீபாவளிக்குப் போடும் மணி வைத்த தட்டைச் செருப்பை நான்கு மணிநேரம் போட்டால் எதுவும் ஆகிவிடாது. அதிலேயே வேலைக்குப் போகாதவரை.

அலமாரியில் வைத்தே கெடும் செருப்பு

நல்ல ஜோடியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து, ஓரிரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால், மண்டப வாசலில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டதாகத் திட்டுவோம். பெரும்பாலும் நம் ஈரக்காற்றின் வேலை அது. பல செருப்புகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்தது. காற்றிலுள்ள ஈரப்பதம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். பெட்டியில் அடைத்து வைப்பது காப்பாற்றுவதாகத் தோன்றும், ஆனால் ஈரம் உள்ளேயே தங்கும். அடிக்கடி போட்டுக் காற்றாட விடும் ஜோடிதான் நீடித்து உழைக்கும்.

ஈவிஏ என்ற இலேசான நுரைக்கு அந்த வியாதி கிடையாது. அது வேறுவிதமாகத் தேயும். எடை விழும் இடங்களில் நசுங்கி, திரும்ப எழாமல் போகும். வெளியே பார்த்தால் புதிதாகவே தெரியும், உள்ளே தாங்கல் போயிருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் போட்டு வைத்தால் சுருங்கவும் செய்யும். மெத்தென்று இருக்கிறது என்று வாங்கியவர்களின் செருப்புதான் பெரும்பாலும் முதலில் நசுங்குகிறது.

எப்போது தூக்கி எறிவது என்பதை மேஜைமேல் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். செருப்பைச் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதைப் போடும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணுக்காலும் அதே பக்கம் சாய்கிறது. குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் அதிகம் தேய்வது எல்லோருக்கும் நடப்பது. உள்ஓரம் மட்டும் கரைந்திருந்தாலோ, ஒரு காலில் மட்டும் தேய்ந்திருந்தாலோ, நடையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டும். புது ஜோடி வாங்கக் கிளம்பும்போது பழையதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதன் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும், எந்த இடத்தில் உறுதி வேண்டும் என்று அந்தப் பழைய செருப்பைப் பார்த்தே நீங்களே கேட்டு வாங்கலாம்.